பூதத்துக்குத் திருவாள்

துடியலூரில் லட்சுமணசாமிக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் டிராகனைக் கொல்வார்கள். முகூர்த்தம் இருந்தால் அவருடைய பம்ப்செட் கம்பெனி குடோனில் கொல்வார்கள். கொல்வது மட்டும் நிற்காது.

விளையாட்டு எளிமையானது. மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "எதிரே ஒரு குகை, உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். நுழைகிறேன் என்றோ ஓடுகிறேன் என்றோ சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தோம். சின்ன எண் விழுந்தால் கதைசொல்லியின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

இதை இங்கே ஆரம்பித்தது லட்சுமணசாமியின் மகன் யஷ்வந்த். கல்லூரியில் படிக்கும்போது ஏழுமலை நாடு என்று ஓர் உலகத்தையே எழுதி வைத்தான். மனிதர், வனமாந்தர், குள்ளர், பூதம் என்று நான்கு இனங்கள். அவற்றுக்கு மலைகள், சண்டைகள், சாமிகள். பிறகு கனடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மகன் விட்டுப்போன பைக்கை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைப்பது போல விளையாட்டையும் ஓட்டி வைக்கலாம் என்று லட்சுமணசாமி நினைத்தார். அவருக்கு விளையாடத் தெரியாது. ஆனால் கமிட்டி நடத்தத் தெரியும்.

அப்படித்தான் 'கொங்கு மண்டலக் கற்பனைப் போர் விளையாட்டுப் பேரவை' பிறந்தது. லட்சுமணசாமி தலைவர். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பொங்கியண்ணன் செயலாளர். மரபுக் காப்பாளர் என்ற பதவி ரங்கராஜுக்குப் போனது. குடும்பத்து மில்லை மூடிவிட்ட பிறகு அவருக்குக் காப்பாற்ற வேறெதுவும் இல்லை.

மூவரும் சேர்ந்து பல கோயில்களுக்குக் கும்பாபிஷேகம் நடத்தியவர்கள். அதே கையோடு விளையாட்டையும் நடத்தினார்கள். யஷ்வந்த் ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்த ஒளிக் கடவுளுக்கு ஒளியாத்தா என்று பெயர் மாற்றினார்கள். ஆட்டம் தொடங்குமுன் முதல் பகடை உருட்டுபவருக்குப் பரிவட்டம் கட்டும் வழக்கம் வந்தது. பரிவட்டம் வந்தால் அது யாருக்கு என்ற சண்டையும் வர வேண்டுமல்லவா, வந்தது. ஒருமுறை பொங்கியண்ணன் வகையறாவுக்கா ரங்கராஜ் வகையறாவுக்கா என்று தீராமல், குகையிலிருந்து வெளியே வந்த டிராகன் பந்தி முடியும் வரை வாசலிலேயே காத்திருந்தது.

இந்த நாட்டில் உயர்ந்த பதவி திருவாள் வீரர். ஒளியாத்தாவின் வாளை ஏந்துகிறவர். அடிபட்டு விழுந்தவரைத் தொட்டால் குணமாக்கும் சக்தி அவருக்கு மட்டுமே உண்டு. மனிதரும் வனமாந்தரும்தான் திருவாள் ஏந்தலாம், பூதம் ஏந்தக் கூடாது என்று யஷ்வந்த் எழுதியிருந்தான். மொத்தம் மூன்று பேர். ஒன்று யஷ்வந்தின் பாத்திரம், வெண்கதிரோன். அவன் கனடாவில். இரண்டாவது பொங்கியண்ணனின் மாப்பிள்ளை. அவர் ஒருநாளும் வந்ததில்லை. மூன்றாவது ரங்கராஜின் தங்கை மகன். அவருக்குத் தான் திருவாள் வீரர் என்பதே தெரியுமா என்பது சந்தேகம். ஆக, நாட்டில் மூன்று திருவாள் வீரர்கள் இருந்தும் காயம்பட்டால் கவனிக்க ஆளில்லை.

இப்படிப்பட்ட நாட்டுக்குத்தான் மானசா வந்து சேர்ந்தாள்.

மானசா போத்தனூர்க்காரி. எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களின் முழங்காலை மடக்கி நீட்டி, அவர்கள் தன்னைத் திட்டுவதைச் சிரித்த முகத்தோடு கேட்பது அவள் தொழில். ஏழாம் நாள் யாராவது ஒரு அரக்கனை அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் வந்தபோது மனிதர்களும் வனமாந்தர்களும் குடும்பவாரியாக ஒதுக்கப்பட்டிருந்தார்கள். குள்ளர்களும் போய்விட்டார்கள். கடைசி பிளாட்டைக் காட்டுகிற புரோக்கர் மாதிரி பொங்கியண்ணன், பூதம் ஒன்றுதான் பாக்கி என்றார்; கிழக்குப் பார்த்தது என்று மட்டும் சொல்லவில்லை.

மானசா எடுத்துக்கொண்டாள். கரும்பி என்று பெயர் வைத்தாள். ஏழுமலை நாட்டில் கரும்பி செய்த முதல் காரியம், ஒரு வண்டிக் கரும்பை மாட்டோடு தூக்கி நகர்த்தியது. பிறகு எல்லோருடைய மூட்டைகளையும் தூக்கினாள். சமையலும் அவள்தான். பூதத்துக்கு அதுதான் மரபு என்று ரங்கராஜ் சொல்லியிருந்தார். அந்த மரபு எங்கே எழுதியிருக்கிறது என்று மானசா கேட்டதற்கு, எழுதி வைத்தால் அது சட்டம், எழுதாமல் இருந்தால்தான் மரபு என்று விளக்கம் கிடைத்தது.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் பாலத்துச் சண்டை நடந்தது. பின்னால் ஒரு கிராமமே தப்பி ஓடுகிறது, முன்னால் பாம்புப்படை. கமிட்டிக் குடும்பத்து வீரர்கள் எல்லோரும், வியூகம் மாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே கிராமத்துக்கு முன்னால் ஓடிவிட்டார்கள். கரும்பி மட்டும் பாலத்தில் நின்றாள். மானசா பகடையை உருட்டி உருட்டிக் கடைசி வண்டி தாண்டும் வரை படையைத் தடுத்தாள். முடிவில் பாம்பரசன் அவள் தோளில் கொத்தினான்.

கதைசொல்லி ரித்திகா, யஷ்வந்தோடு படித்தவள். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. யாருக்கும் சலுகை காட்டாத பெண். அவள் பகடையைப் பார்த்தாள். பிறகு பாலத்தின் மேல் வெளிச்சம் இறங்குவதாகவும், ஒளியாத்தா தன் வாளை நீட்டி, ஏந்துகிறாயா என்று கேட்பதாகவும் கதையை நகர்த்தினாள்.

ஏந்துகிறேன் என்றாள் மானசா. கண்ணில் தண்ணீர் வந்தது. மண்டபத்தில் சாம்பிராணி அதிகம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

ரித்திகா விதியையும் தெளிவாகச் சொன்னாள். பாம்பரசனின் விஷம் மெதுவாக ஏறும். ஆவணி மாதப் பெருவிளையாட்டு முடிவதற்குள் இறங்காவிட்டால் கரும்பி கல்லாகிவிடுவாள், கல்லானவர்கள் திரும்புவதில்லை. இறங்க ஒரே வழி, கரும்பி திருவாள் வீரராக இன்னொருவரைத் தொட்டுக் குணமாக்குவது. முதல் தொடுதலில் தொடுகிறவரின் விஷமும் போகும்.

வாளைப் பேரவை அங்கீகரிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் பிடித்தது.

அடுத்த வாரமே கமிட்டியின் மூவரும் மரபுக் குழுவாகக் கூடினார்கள். மானசா விசாரணைக்கு அழைக்கப்பட்டாள். மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபாவில் கமிட்டி. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள். குடிக்கத் தென்னம்பாளை நீரா வந்தது. குடித்து முடித்ததும் பொங்கியண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கரும்பி எந்தக் கூட்டமுங்க?"

மானசாவுக்குக் கேள்வி புரியவில்லை. பூதம் என்றாள். அது தெரியும், பூதத்தில் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், எந்தக் கோயிலுக்குப் பாத்தியப்பட்டது என்றார். ரங்கராஜ் குறுக்கிட்டு, தங்கள் பக்கத்தில் கூட்டம் கேட்பதில்லை, வீட்டுப் பெயர்தான் கேட்பார்கள், ஆகவே பூதத்தின் வீட்டுப் பெயர் என்ன என்றார். எது கேட்பது முறை என்று இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். இரண்டையும் கேட்டுக்கொள்வது என்று முடிவானது. இரண்டும் இல்லை என்றாள் மானசா.

அடுத்து தாய்மாமன் பிரச்சினை. வாள் ஏந்தும்போது தாய்மாமன் சீர் வைத்தாக வேண்டும் என்று கமிட்டி எப்போதோ சேர்த்திருந்தது. பூதங்கள் பாறையிலிருந்து பிறப்பவை என்று ரித்திகா நினைவுபடுத்தினாள். அப்படியானால் பக்கத்துப் பாறையைத் தாய்மாமனாகக் கொள்ளலாமா என்று லட்சுமணசாமி நியாயமாகவே யோசித்தார். அது பங்காளிப் பாறையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பொங்கியண்ணன் பயந்தார். நேரில் போய்ப் பார்க்க ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்றார் ரங்கராஜ். எங்கே போய் என்று யாரும் கேட்கவில்லை. மருதமலைப் பக்கம் இரண்டு பேர் கார் எடுத்துக்கொண்டு போய்வந்ததாகவும், பாறைகள் பார்க்க மரியாதையாகவே இருந்ததாகவும் பிறகு தகவல் வந்தது.

விஷம் முழங்கை வரை பரவியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ரித்திகா எவ்வளவு தூரம் என்று சொல்லும்போது மானசா தன்னையறியாமல் தன் கையைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

இரண்டாம் கூட்டத்தில் ரங்கராஜ் தன் மனதைத் திறந்தார். மைக்கும் வைத்துக்கொண்டார். கேட்டவர்கள் ஆறு பேர்.

"பூதத்து மேல எங்களுக்கு ஒண்ணும் வெறுப்பில்லீங்க. பூதமில்லாம ஒரு படை நடக்குமா? மூட்டை தூக்க ஆள் வேணும், பாலத்துல நிக்க ஆள் வேணும். பூதத்தை நாங்க எப்பவுமே ஊட்டு ஆளாத்தான் பாத்திருக்கறோம். ஊட்டுக்குள்ள விடறதில்லியே தவிர, ஊட்டு ஆளுதான். வாள் வேணுங்கறது கரும்பியோட சொந்த ஆசையா இருக்காதுங்க. யாரோ தூண்டி உடறாங்க."

கரும்பிக்குள் இருப்பது தான்தான் என்றும், தன்னை யாரும் தூண்டிவிடவில்லை என்றும் மானசா எழுந்து சொன்னாள். அதைத்தான் சொல்கிறேன் என்றார் ரங்கராஜ்.

கடைசியில் சமரசம் ஒன்று முன்வைக்கப்பட்டது. 'துணைத் திருவாள்' என்று ஒரு பதவி. வாள் கொடுக்கப்படும், உறையிலிருந்து உருவக் கூடாது. ஒளியாத்தா கோயிலில் நிற்கலாம், வெளியில். அடிபட்டவரைக் குணமாக்கலாம், தொடாமல். தொடாமல் குணமாக்க விதியில் வழியில்லையே என்றாள் ரித்திகா. அது பூதத்தின் முயற்சியைப் பொறுத்தது என்றது கமிட்டி.

மானசா மறுத்தாள். நன்றி சொல்லித்தான் மறுத்தாள். இருந்தாலும் அது அடக்கமின்மை என்று முடிவாயிற்று.

வேறு வழியில்லாமல் ரித்திகா கனடாவுக்கே போன் போட்டாள். மாலை நான்கு மணி, அங்கே விடியவில்லை. ஸ்பீக்கரில் யஷ்வந்தின் தூக்கம் கலையாத குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அப்பா, அது நான் ஹாஸ்டல்ல உக்காந்து எழுதினதுப்பா. அருண்குமாரு எப்பப் பாத்தாலும் பூதமா வந்து என்னையத் தூக்கிப் போட்டு மிதிச்சுட்டே இருந்தான். அவனுக்குத் திருவாளும் கெடைச்சா நான் காலி. அதுக்குத்தான் பூதத்துக்கு வாள் கெடையாதுன்னு எழுதிப்போட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல. எடுத்துருங்க."

மானசாவும் ரித்திகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தார்கள்.

ரங்கராஜ் போனைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். "தம்பி எழுதினவருங்க. எழுதறவங்களுக்கு மரபைப் பத்தி என்னங்க தெரியும்? அவங்க எழுதிப்போட்டுப் போயிருவாங்க. ஏன் எழுதினோம்னு காரணம் வேற சொல்லுவாங்க. காரணம் தெரிஞ்சுபோச்சுன்னா மரபு என்னத்துக்கு ஆகறது?"

ஏழுமலை நாட்டைப் படைத்ததற்காக யஷ்வந்துக்கு நன்றி தெரிவித்தும், இனி அதன் உள்விவகாரங்களில் தலையிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றினார்கள். அப்பா என்ற முறையில் லட்சுமணசாமி மட்டும் கையைப் பாதி தூக்கினார். பாதியையும் எண்ணிக்கொண்டார்கள்.

ஆவணியில் பெருவிளையாட்டு வந்தது. முன்பே காப்புக் கட்டிவிட்டதால் ஆட்டக்காரர்கள் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. போத்தனூர் எல்லைக்குள்ளா வெளியிலா என்று கேட்ட மானசாவை, வேலைக்குப் போகலாம், ஆனால் மனசு இங்கேயே இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். மண்டப வாசலில் வாழைமரம், உள்ளே தவில். சொந்தபந்தங்கள் குழந்தைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு யாருக்குக் கல்யாணம் என்று தெரியவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பெருவிளையாட்டில் வெண்கதிரோன் இல்லாமல் முடியாது. மகன் வர முடியாததால் அப்பாவே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பரிவட்டமும் அவருக்கே. மற்ற இரண்டு திருவாள் வீரர்களில், பொங்கியண்ணனின் மாப்பிள்ளை ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். ரங்கராஜின் தங்கை மகன் போனை எடுக்கவில்லை.

மேஜையின் கோடியில் மானசா. விஷம் கரும்பியின் விரல் நுனி வரை வந்துவிட்டது. இந்த ஆட்டம் முடிந்தால் கல். காலையில் கிளம்பும்போது அவளுடைய அம்மா, ஒரு விளையாட்டுக்கு இப்படி முகம் வாடலாமா என்று கேட்டிருந்தாள். வாடக்கூடாதுதான். ஆனால் அந்த மூட்டைதூக்கி பூதம் பாலத்தில் நின்ற நாளில் தானும் ஏதோ ஓர் இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டதாக மானசாவுக்கு இருந்தது. அதை யாரிடம் எப்படிச் சொல்வது?

அதே பாலத்துக்குப் பாம்பரசன் மறுபடி வந்தான். லட்சுமணசாமி பகடையை உருட்டினார். மூன்று. மறுபடி உருட்டினார். இரண்டு. பம்ப்செட் தொழிலில் அவ்வளவு அதிர்ஷ்டக்காரரான மனிதர் பகடையைத் தொட்டால் மட்டும் அது குழிக்குள் விழுந்தது போலத் தரையைப் பார்த்தது. வெண்கதிரோன் பாலத்தடியில் சரிந்தான்.

ரித்திகா மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தாள். மணல் தீர்வதற்குள் யாராவது தொட்டுக் குணமாக்கினால் உண்டு. விழுந்தவர் தன்னைத்தானே தொட்டுக்கொள்ள முடியாது. பக்கத்தில் நிற்பது கரும்பி மட்டும்.

எல்லோரும் மானசாவைப் பார்த்தார்கள். மானசா கமிட்டியைப் பார்த்தாள். எனக்கு அனுமதி இல்லீங்களே என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

லட்சுமணசாமி ரித்திகா பக்கம் சாய்ந்தார். "செத்துப்போனா மறுபடி வர முடியாதா கண்ணு?"

"முடியாதுங்க அங்கிள். யஷ்வந்த் அப்படித்தான் எழுதியிருக்கான்."

தவில் நின்றது. லட்சுமணசாமி மணலைப் பார்த்தார். பைக்கைப் போன மாதம் விற்றுவிட்டார். மகனுடையது என்று இங்கே ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

மரபுக் குழு அங்கேயே அவசரமாகக் கூடியது. சோபாவுக்குப் போக நேரமில்லாததால் நின்றபடியே கூடினார்கள். மணல் பாதி இறங்கியிருக்கும்போது ரங்கராஜ் மலர்ந்த முகத்தோடு திரும்பினார். ஒரு பழைய உண்மை இப்போதுதான் தெரியவந்திருக்கிறது என்றார். கரும்பி பூதமே அல்ல. மலையில் தொலைந்துபோன ஒரு பெரிய மனிதக் குடும்பத்துக் குழந்தை. வெயிலில் அலைந்து தோல் தடித்துவிட்டது. பொங்கியண்ணன் ஒருபடி மேலே போய், அந்தக் குடும்பம் தங்கள் கூட்டமாகத்தான் இருக்க வேண்டும், நின்ற நிலையிலேயே தெரிகிறது என்றார். வீட்டுப் பெயரும் தன்னிடம் இருப்பதாக ரங்கராஜ் சொன்னார். ஒத்துக்கொண்டால் போதும், திருவாள் கைக்கு வந்துவிடும்.

இரண்டு மாதமாகக் கேட்ட வாள் அது. விஷமும் இறங்கும். கரும்பி பிழைத்துக்கொள்வாள், ஆனால் கரும்பியாக அல்ல. மானசா பகடையைக் கையில் எடுத்தாள், மேஜையில் திரும்ப வைத்தாள்.

"இல்லீங்க. கரும்பி பூதமுங்க. பாலத்துல நின்னது பூதந்தான். தொட்டா பூதமாத்தான் தொடுவா. வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் கல்லாப் போயிக்கறேன்."

அப்படியானால் தலைவரும் போய்விடுவாரே என்று பொங்கியண்ணன் பதறினார். மரபுக்காகத் தலைவர் உயிரை விடுவது ஏழுமலை வரலாற்றில் நிலைக்கும் என்று ரங்கராஜ் ஆறுதல் சொன்னார். சிலை கூட வைக்கலாம் என்றார். லட்சுமணசாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். கும்பாபிஷேகக் கணக்குகளில்கூட அவர் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

மணல் கழுத்தில் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பரிவட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வலது கையை நீட்டினார்.

"பூதமாவே தொடு கண்ணு."

விளையாட்டில் உண்மையாகத் தொட வேண்டியதில்லை, சொன்னால் போதும். ஆனால் கை நீட்டினால் பிடித்துத்தான் மானசாவுக்குப் பழக்கம். மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி வேகமாக ஓடியது. பயப்படாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க என்றாள். அவர் இழுத்து விட்டார். மறுகையால் பகடையை உருட்டினாள்.

பதினேழு.

வெண்கதிரோன் எழுந்து உட்கார்ந்தான். கரும்பியின் விரல் நுனியிலிருந்து கறுப்பு வடியத் தொடங்கியது என்று ரித்திகா சொன்னாள். மண்டபத்தில் கைதட்டல். என்ன நடந்தது என்று தெரியாத உறவினர்கள்தான் அதிகம் தட்டினார்கள். யாரோ ஒரு பெரியவர் அட்சதையும் போட்டுவிட்டார். மேஜையிலிருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து பாம்பரசனை விரட்டினார்கள். இந்த முறை யாரும் வியூகம் மாற்றவில்லை.

பந்தி நடக்கும்போதே நன்றியுரை. ரங்கராஜ் மைக்கைப் பிடித்தார்.

"பூதம் தலைவரைத் தொட்டுருச்சுன்னு சில பேரு பேசிக்கறாங்க. நடந்தது அதில்லீங்க. தலைவருதான் பெரிய மனசு பண்ணி, பூதத்தோட கையைத் தன் மேல பட வெச்சுக்கிட்டாரு. வெண்கதிரோன் அவரோட சொந்த சக்தியில எந்திரிச்சாரு. அந்தப் புண்ணியத்துலதான் பூதத்துக்கும் விஷம் எறங்குச்சு. ஆகவே விதி அப்படியே இருக்குது. மரபு இன்னிக்கு ஜெயிச்சிருக்குதுங்க."

பொங்கியண்ணன் வழிமொழிந்தார். லட்சுமணசாமி மேடையில் உட்கார்ந்து தலையாட்டினார். மானசா இருந்த பக்கம் மட்டும் அவர் பார்க்கவில்லை.

ரித்திகா, அந்த மைக்கைப் பிடுங்காமல் விடமாட்டேன் என்று எழுந்தாள். மானசா இலையில் விழுந்த இனிப்பு ஒப்புட்டை நெய்யில் தொட்டுக்கொண்டே அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உடு ரித்தி. அடுத்த ஞாயித்துக்கெழமையும் தலைவரு அடிபடத்தானே போறாரு."